சகோதரர் ஞானசிகாமணியின் அனாதை வேட்டை

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பனாக இருப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கக்கத்தில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு கட்டு நோட்டீஸ், எவர் பிள்ளை எதிரே வந்தாலும் தலைமேல் வைக்கத் தயாராக ஒரு கை. இந்த இனத்தின் உத்தமமான மாதிரி வேண்டுமென்றால் எண்பத்து நான்காம் வருஷத்துத் தாராவிக்குத்தான் போகவேண்டும். அங்கேதான் சகோதரர் ஞானசிகாமணி குடியிருந்தார்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சபையார் அவரை, மனைவி எமிலி பாக்கியத்தோடும் மூன்று பிள்ளைகளோடும், மாலை போட்டு, கண்ணீர் விட்டு, அந்நிய தேசத்து ஊழியத்துக்கென்று ரயிலேற்றி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதுவார். ‘பாஷை தெரியாத ஜனங்கள் நடுவில், பழகாத ஆகாரத்தோடு’ என்றுதான் எந்தக் கடிதமும் தொடங்கும். கீழே இட்லி விற்பவர் அவருக்குப் பக்கத்து ஊர். எதிர்வீட்டார் அதற்கு அடுத்த ஊர். அந்தச் சந்தில் தமிழ் தெரியாதவர் என்று சொல்லப்போனால் அந்தக் கடிதத்தை வாங்கிப்போகிற தபால்காரர் ஒருவர்தான்.

அனாதை இல்லம் ஒன்று தொடங்கவேண்டும் என்பது அவருடைய தரிசனம். இந்த இனத்தார் எதையும் போர்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். போர்டு எழுதி மாட்டியாயிற்று. மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பத்துப் பாய், பத்துத் தட்டு, பத்துத் தம்ளர் எல்லாம் வாங்கி அடுக்கியாயிற்று. காலை ஐந்து மணிக்கு எழவேண்டும் என்பதில் தொடங்கி இருபத்திரண்டு விதிகள் சுவரில் ஒட்டியாயிற்று. அவற்றுக்குக் கட்டுப்பட ஓர் அனாதைதான் இல்லை.

அதிலும் சர்க்கார் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, கவனிப்பாரற்ற பிள்ளைகள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்து எழுதினால்தான் அனுமதி. ஈஸ்டருக்குள் அனுமதி வராவிட்டால் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று சபையாரும் எழுதிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புவதா? மாலை போட்டு அனுப்பிய சனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே வேட்டை தொடங்கியது. தோல் பட்டறையில் வேலை செய்த கணேசபாண்டியன் வீட்டில், அவருடைய செத்துப்போன அண்ணன் மகன் ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சகோதரர் முகமெல்லாம் இரக்கமாகப் போய் நின்றார். அனாதைப் பிள்ளை ஒன்று இருக்கிறதாமே என்று மெல்ல ஆரம்பித்தார்.

“அவன் அனாதைன்னா நான் யாரு பாதிரியாரே?” என்று கேட்டார் கணேசபாண்டியன்.

இதே கதைதான் எல்லா இடத்திலும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அந்தச் சந்தில் இல்லாமலில்லை. ஆனால் எடுத்துப் புதைத்த ஈரம் காய்வதற்குள் யாராவது பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஓர் ஊழியக்காரன் என்னதான் செய்வான்? ‘களம் மிகவும் கடினமாயிருக்கிறது’ என்று அந்த மாதக் கடிதத்தில் மனம் நொந்து எழுதினார்.

அவருடைய சொந்தப் பிள்ளைகள் எங்கே என்கிறீர்களா? நல்ல கேள்வி. அவர் கேட்டதில்லை. காலையில் மாட்டுங்காவில் ஒரு வீட்டு ஜெபம், மத்தியானம் செம்பூரில், சாயந்தரம் கோவண்டியில். எமிலி பாக்கியம் பாடாவிட்டால் கூட்டம் சேராது என்பதால் அந்த அம்மாளும் கூடவே லோக்கல் ரயிலில் தொங்கவேண்டும். பிள்ளைகள் மூன்றும் பக்கத்துவீட்டு நஸீராவிடம். நஸீராவின் புருஷன் தையல் பட்டறை வைத்திருந்தார். துணி மூட்டைகளுக்கு நடுவே தன் நான்கோடு இந்த மூன்றையும் சேர்த்து, ஏழுக்கும் தலைவாரிச் சோறு போட்டு அதட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் புண்ணியவதி.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து சேர்ந்தார். மாடி பூட்டியிருக்கவே நஸீரா வீட்டு வாசலில் விசாரித்தார். ஏழு பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் உன்னுடையதா அம்மா என்று இந்தியில் கேட்டார். நான்கு தன்னுடையது, மூன்று ஆளில்லாதது, தான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நஸீராவும் பம்பாய் இந்தியில் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம். சின்னவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் அடித்து அன்றுதான் விட்டிருந்தது. பெற்றவர்களுக்கு அது தெரியாது.

அதிகாரி உற்சாகமாகக் காகிதத்தை எடுக்கவும் சகோதரரும் அம்மாளும் வந்து நுழையவும் சரியாக இருந்தது. தேடியது கிடைத்துவிட்டது, மூன்று பேர் என்று அதிகாரி சகோதரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சகோதரர் கையை உருவிக்கொண்டார். ஐயோ, இவை என் பிள்ளைகள் என்றார்.

அனாதைகளை என் பிள்ளைகள் என்று உருகாத ஊழியக்காரர் உண்டா? அதிகாரி சிரித்தார். உம்முடையது என்றால் மூத்தவள் என்ன படிக்கிறாள், சொல்லும் பார்க்கலாம் என்றார். ஐந்தாம் வகுப்பு என்று சகோதரர் கம்பீரமாகச் சொன்னார்.

“ஆறுப்பா” என்றாள் பியூலா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

சரி, சின்னவன் பிறந்தநாள் என்றைக்கு? சகோதரர் மனைவியைப் பார்த்தார். பதில் வாய்வரைக்கும் வந்தும், பையன் நெற்றியில் தைல வாசனையைக் கண்ட எமிலி பாக்கியம் அதை விட்டுவிட்டு அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

“டிசம்பர் ஒம்பது” என்றாள் நஸீரா. “போன தடவ கேக்கு வெட்டுனது இந்த வீட்டுலதான்.”

அதிகாரி அப்புறம் எதுவும் கேட்கவில்லை. நஸீரா சொன்ன மூன்று பெயர்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நகலைச் சகோதரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவ்வட்டாரத்தில் கவனிப்பாரற்ற குழந்தைகள் மூவர் உளர், இல்லம் அவசியம், அனுமதிக்கச் சிபாரிசு செய்கிறேன். ஐந்து வருஷமாகக் கேட்ட ஜெபம்! சகோதரருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பாவம், மூன்று பெயர்களையும் இரண்டாம் தடவை படித்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். உங்களிடம் போர்டு இல்லை, ஜெபக் கடிதம் இல்லை. ஏதோ ஒரு சங்கத்துக்குச் செயலாளர், ஆபீசில் நாலு பேருக்கு வேண்டியவர், அவ்வளவுதானே? நல்லது. உங்கள் கடைசிப் பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பிரிவு? அடுப்படிப் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள்.