கிட்டாருக்கு நான் போட்ட கோடுகள்

போர்டு எழுதுகிறவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. முதல் எழுத்தைத் தாராளமாக ஆரம்பித்துவிட்டு, கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் நெருக்கித் திணிப்பது. தொழிலுக்கு வந்த புதிதில் 'எப்போதும்வென்றான்' என்கிற ஊருக்குப் பெயர்ப் போர்டு எழுதினேன். ரோட்டிலிருந்து பார்த்தால் 'எப்போதும்' மட்டும்தான் தெரியும். வென்றானைக் கிட்டப் போய்த் தேட வேண்டும். அன்றிலிருந்து எதை எழுதினாலும் அளந்து, சமமாகப் பிரித்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். அந்த ஒழுக்கம்தான் என் குடியைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நாகலாபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போர்டு எழுதப் போயிருந்தேன். கடைக்காரர் மகள் சோடா கொண்டுவந்து கொடுத்து, "எழுத்து அழகா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். கோவில்பட்டிக்குத் திரும்பியதும், கட்டினால் அவளைத்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெண் நன்றாகப் பாடும் என்றார் தரகர். அப்பா விடுவாரா? "எங்க பயலும் கிட்டாரு வாசிப்பாம்லா" என்று அடித்துவிட்டார்.

என்னிடம் கிட்டாரே கிடையாது. மடியில் படுக்க வைத்து, கம்பிமேல் இரும்பை இழைத்து வாசிப்பார்களே, அதை ரேடியோவில் கேட்டு உருகியிருக்கிறேன். (உருகுவதும் வாசிப்பதும் ஒன்று என்று நினைக்கிற வயசு.) நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு தேக்குப் பலகை, ஆறு கம்பி, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய இரும்பு உருளை. எந்தச் சுரம் எங்கே என்று காட்ட, கம்பிக்கு அடியில் குறுக்கே கோடு போட வேண்டும். மாதிரிக்கு, கச்சேரிக் குழு அண்ணாச்சி ஒருவரின் கிட்டாரைப் போய்ப் பார்த்தேன்.

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நல்ல இடைவெளி. போகப் போகக் குறுகி, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை. இந்த வியாதி எனக்குத் தெரியாதா? எவனோ கத்துக்குட்டி இடம் பத்தாமல் நெருக்கியிருக்கிறான்! சொன்னால் அண்ணாச்சி மனசு கஷ்டப்படுமே என்று, முதல் இடைவெளியை மட்டும் அளந்துகொண்டு வந்தேன். அதே அளவில் கடைசிவரை வெள்ளை எனாமலில் கோடு போட்டேன். அழகென்றால் அப்படியொரு அழகு. முதல் இரண்டு கோட்டில் இரும்பை வைத்து இழுத்தேன். சுருதி சுத்தம். மற்றவை இன்னும் காயவில்லை. மறுநாள் காலையில் பெண் பார்க்கப் போக வேண்டும். அளவு ஒன்றுதானே, மேலேயும் இப்படித்தான் இருக்கும் என்று படுத்துவிட்டேன்.

பெண் ஒரு முருகன் பாட்டை எடுத்தாள். முதல் வரி கச்சிதமாக ஒத்துப்போனது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். (அந்த நிமிஷமே நான் செத்திருக்கலாம்.) அடுத்த வரி மேலே ஏறியது. நானும் ஏறினேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐயோ, எனக்கும் கேட்கத்தான் செய்தது! ஆனால் அளந்து போட்ட கோடு எப்படித் தப்பும்? பெண்தான் சுருதி விடுகிறாள் என்று முடிவுகட்டினேன். கட்டிக்கொள்ளப் போகிறவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி இன்னும் சத்தமாக இழைத்தேன். அவள் பாட்டைப் பாதியில் விட்டு, அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவள் பெரியப்பா என் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பயலுக்குக் காது கேக்காதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? இப்படிப் பிள்ளைய அழ வச்சிட்டியளே."

அப்பா யோசித்தார். பையனுக்கு வாசிக்கத் தெரியாது என்று ஒத்துக்கொண்டால் தன் வாக்கு பொய்யாகிவிடும்.

"சின்ன வயசுல காய்ச்சல்ல போச்சு" என்றார். (பெற்ற தகப்பன்!)

கச்சேரி அண்ணாச்சியிடம் போய் அழுதேன். "ஏலே, மேல போகப் போகக் கம்பி நீளம் கொறையுதுல்லா? அப்ப கோடும் நெருங்கத்தாம்ல செய்யும்" என்றார். இனித் தெரிந்து என்ன செய்ய? அவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரிசல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அப்புறம் போன பெண் வீடுகளில் எல்லாம் என்னிடம் தொண்டை கிழியக் கத்தினார்கள். "நல்லா கேக்குதுங்க" என்றால், "பாவம், ஒதட்டப் பாத்தே கண்டுபிடிக்கான்" என்று உச்சுக்கொட்டினார்கள்.

கடைசியில் புதியம்புத்தூரில் ஒரு பெண் சம்மதித்தாள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அவள் சொல்வது இதைத்தான்:

"மாப்பிள்ளைக்குக் காது கேக்காது, நீ என்ன வேணும்னாலும் பேசிக்கிடலாம்னு சொல்லித்தாம்ட்டி எங்க அப்பா என்னையக் கெட்டி வச்சாவ. நம்பி வந்தேன். மறுநாளே அடுப்படியில நான் முணுமுணுத்ததுக்கு வாசல்ல நின்னு பதில் சொல்லுதாரு உங்க அப்பா. இந்த ஏமாத்த யாருகிட்டப் போயிச் சொல்ல?"