போணிக்கு முன்னாடி ஃபின்னிஷ்

"பங்க்கி நொஸ்தா கோர்கோஆ"ன்னு நான் சொல்லி முடிச்சதும், அந்த வெள்ளைக்கார அம்மா மடியில வெச்சிருந்த பட்டுப் புடவையைக் கீழே வெச்சுட்டாங்க.

கடையில வேற யாருக்கும் அர்த்தம் தெரியலை. முதலாளி மட்டும் குஷியா, "பேசு தம்பி, நிறுத்தாத"ன்னார்.

அர்த்தம் இதுதான்: பேங்க் வட்டியை ஏத்துது.

எனக்கு பிளஸ் டூவுல ரெண்டு பாடம் போச்சு. திரும்ப எழுதப் பொறுமை இல்லை. இந்தக் கடைக்குப் பட்டு நெய்யற அப்பா, "சும்மா சுத்திகினு இருக்காத, தறியில உக்காரு"ன்னார். நான் ஸ்ரீபெரும்புதூர்ல வந்திருக்கிற ஃபின்லாந்து செல்போன் கம்பெனிக்குப் போறேன்னேன். மனு போடறவங்கள்ல ஃபின்னிஷ் தெரிஞ்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்னு நினைப்பு.

ஆரணி பிரவுசிங் சென்டர்ல, புதுசா கத்துக்கறவங்களுக்காக சுலபமா எழுதின ஃபின்னிஷ் செய்தி கிடைச்சுது. பிரிண்ட் அவுட் எடுக்க ஒரு பக்கத்துக்குத்தான் காசு இருந்துச்சு. அந்த ஒரு பக்கம் வட்டி விகிதம் பத்தினது. அஞ்சு வரி. அகராதி பாத்து பத்து நாள் மனப்பாடம் பண்ணேன். என்னோட மொத்த ஃபின்னிஷும் அவ்வளவுதான்.

"எம் பையன் ஃபின்லாந்து பாஷை கத்துக்கினு உயிரை வாங்கறான்"னு அப்பா முதலாளிகிட்ட புலம்பியிருக்கார். அன்னிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளா வந்து உக்காந்தது இந்த வெள்ளைக்கார அம்மா, ஊர் ஃபின்லாந்துன்னாங்களாம். உடனே எங்க வீட்டுக்கு ஆள் வந்துட்டான். ஜல்தி வரணுமாம்.

முதலாளி என்னை வாசல்லயே பிடிச்சுக்கினார். "இங்க பாரு. விலையெல்லாம் நான் கால்குலேட்டர்ல காட்டிக்குவேன். நீ அவங்க பாஷையில ஒரு வணக்கம் சொல்லு. அப்புறம் வாய மூடிகினு நில்லு. இன்னும் போணி ஆகலை."

அவங்க மடியில இருந்தது அப்பா நெய்த மயில் கழுத்துப் புடவை. பார்டர் கலர் சேரலைன்னு மாசக்கணக்கா அலமாரியில தூங்கினது. என் பின்னாலயே வந்த அப்பா காதோரம் சொன்னார்: "இது வித்துப் போச்சுன்னா உன்னைத் தறிக்குக் கூப்பிட மாட்டேன், கம்பெனிக்கே போ. விக்கலைன்னா திங்கக்கிழமை நீ தறியில."

வாயைத் திறந்தேன். அப்பதான் உறைச்சுது. செய்தியில யாருமே வணக்கம் சொல்லலை.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன். அதுதான் அந்த முதல் வரி.

அவங்க வேகமா ஏதோ கேட்டாங்க. புரியலை. ரெண்டாவது வரியைச் சொன்னேன்: வீட்டுக் கடன் எகிறிப் போச்சு. நெஞ்சுல கை வெச்சு திரும்பக் கேட்டாங்க. மூணாவது வரி: நிறைய குடும்பம் கவலையில இருக்கு.

"பாத்தியா, எப்படி ஒட்டிக்கினாங்க"ன்னு முதலாளி அப்பாகிட்ட சொல்லி, கலர் சோடா வரவழைச்சார். என் ரிசல்ட்டுக்கு அப்புறம் அப்பா முகத்துல முதல் தடவையா பெருமை. அந்த ஜோர்ல மிச்ச ரெண்டு வரியையும் சொல்லிட்டு, நம்பட்டுமேன்னு பாக்கெட்ல இருந்த தாளையும் நீட்டினேன்.

கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. வீட்டை விட்டு வந்து ரொம்ப நாள் ஆயிருக்கும் போல, சேதியே தெரியலை. செல்போன்ல யாரையோ கூப்பிட்டு "கோர்கோ, கோர்கோ"ன்னாங்க, வட்டி, வட்டின்னு. புடவைக்குன்னு எடுத்து வெச்ச பணத்தைத் திரும்பப் பைக்குள்ள போட்டாங்க.

"சாரி. ஹவுஸ் லோன்"னு முதலாளிகிட்ட சொல்லிட்டு, என் கையைக் குலுக்கிட்டுப் போயிட்டாங்க.

முதலாளிக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. லோன் வரும்.

"இன்னாடா பேசின அவங்ககிட்ட?"

எனக்குப் பொய் வராது. "பேங்க் வட்டி ஏறுதுங்க. வீட்டுக் கடன் கட்டறது கஷ்டம்னு..."

"போணி ஆகறதுக்கு முன்னாடி என் கடையில கடன், வட்டின்னு பேசினியா?" கல்லாவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினார். "நான் வேற பேசு பேசுன்னேனே. தெரிஞ்சது அஞ்சு வரி, அஞ்சும் கடனாவா கத்துக்கினு வருவ? ஒரு வரி லாபம்னு கத்துக்கக் கூடாதா?"

"செய்தியில லாபம் இல்லைங்க."

அப்பா என்னை வெளியே தள்ளிகினு வந்துட்டார். தெருமுனையில நிறுத்திக் கேட்டார்.

"உன் பாஷையில திங்கக்கிழமைக்கு இன்னா சொல்லுவாங்க?"

"தெரியாதுப்பா."

"பரவால்ல. தமிழ்லயே வா."

முதலாளி என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு வணக்கம் சொல்ல. அதை இன்னும் சொல்லலை.