வீரசிங்க ராஜா மீசை துறந்த படலம்

சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றின் தனிமை அறை வாசலில் அன்று கூடியிருந்தோர்: கடலூர்ச் செம்மண்டலம் வைத்திலிங்கம், அவர் துணைவி ரத்தினம்மாள், வாயில் காத்த செவிலியர் பிரிசில்லா. கண்ணாடிக்கு அப்பால், கடும் மருந்தால் நோய் எதிர்ப்பு வலு குறைந்து சிறையிருந்த ஆறு வயதுப் பேத்தி சத்யப்பிரியா. அவளருகே முகக்கவசம் பூண்ட தாய் சந்திரலேகா. இப்பால், ஒரு பிளாஸ்டிக் பைக்குள், புதிதாய்ப் பிறந்த கைப்பொம்மை வீரசிங்க ராஜா.

வாழ்க வைத்திலிங்கம்! திருப்பதியில் மொட்டை போட்டபோதும் மீசைக்கு மட்டும் விலக்குக் கேட்ட வம்சத்தின் வழித்தோன்றலே, கடலூர்க் கடற்காற்றிலும் முனை கலையாத சாயமீசைச் செம்மலே, வாழ்க!

ராஜா ஆணையிட்டாலொழிய மருந்தை விழுங்கேன் என்று பேத்தி காலைமுதல் வாய்ப்பூட்டுப் போட்டிருந்தாள். அவள் வீட்டில் விளையாடிய பழைய ராஜாவோ பஞ்சும் துணியுமாய்க் கிருமிகளுக்குக் கோட்டை. அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆகவே வைத்திலிங்கம் மழைக்கோட்டை வெட்டி உடலும், வழவழப்பான பிளாஸ்டிக் பந்தால் தலையும் சமைத்து, துடைத்தால் பளபளக்கும் புதிய ராஜாவைப் படைத்து, பழையவரின் கம்பளிநூல் மீசையைப் பெயர்த்து அம்முகத்தில் நாட்டிக் கொணர்ந்திருந்தார். அங்கே மூண்டது போர்.

"எல்லாம் ஓகே ஐயா. மீசை மட்டும் வேணாம். நூலைத் தொடச்சு சுத்தம் பண்ண முடியாது" என்றார் பிரிசில்லா.

"மீசை இல்லாத ராஜாவா? எங்க வம்சத்துலயே கெடையாதும்மா!"

"பொம்மை எப்பங்க நம்ம வம்சத்துல சேந்துச்சு?" என்றார் ரத்தினம்மாள். "புள்ள மருந்து குடிக்காம கெடக்குது, இவரு மீசைக்குப் பஞ்சாயத்து வக்கிறாரு."

மனம் தளராத மறவர், மீசையை கேன்டீன் வெந்நீரில் மூழ்கடித்து மீட்டார். அது கரப்பான்பூச்சி அளவுக்குச் சுருங்கிச் செத்தது. அடுத்து, மார்க்கர் பேனாவை வேலென ஏந்தி, பந்துமுகத்தில் இருபுறமும் முறுக்கிய மீசை தீட்டினார். பிரிசில்லா மருந்துப் பஞ்சால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மீசை உருகித் தாடியாகி, தாடி வழிந்து மார்பை நனைத்தது. வெற்றுமுகத்து வேந்தர், முடி இழந்தவர்போல் விழித்தார்.

கண்ணாடிக்குள் பேத்தி மருந்துக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவதைக் கண்டார் வைத்திலிங்கம். மலை சாய்ந்தது.

"அப்பிடியே எடுத்துக்கிட்டுப் போம்மா."

துடைக்கப்பட்ட ராஜா உள்ளே சென்றார். சந்திரலேகா அவரைக் கையில் மாட்டி ஆட்ட, பேத்தியோ, "இது ராஜா இல்ல! மீசை எங்க?" என்று முகம் திருப்பினாள்.

அப்போது அந்த மாவீரர் கண்ணாடியை நெருங்கி, முகக்கவசத்தை இறக்கி, தம் மீசையை இடம் ஒரு முறுக்கு, வலம் ஒரு முறுக்கு முறுக்கி, தாழ்வாரமே அதிர முழங்கினார்:

"ராஜாவோட மீசை தாத்தாகிட்ட பத்திரமா இருக்குது! இது ராஜா உத்தரவு! மருந்தக் குடி, ஒடம்பு தேறி வூட்டுக்கு வந்து வாங்கிக்க!"

பேத்தி பொம்மையைத் தூக்கிக் கண்ணாடியில், தாத்தா முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி, மீசை பொருந்துகிறதா என்று சரிபார்த்தாள். பிறகு கிண்ணத்தை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வம்சம் வென்றது! வானோர் பூமாரி பொழிந்திருப்பர். பூவுக்கு அங்கே அனுமதி இல்லை.

பேத்திக்காக வைத்திலிங்கம் மீசையை மழித்துவிட்டார் என்று செம்மண்டலத்தில் ஒரு பேச்சு உலவுகிறது.

எடுத்தது பொம்மையின் மீசை.