அறுபது டாலர் ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்பது குறித்து

விஸ்கான்சினில் எங்கள் ஊர் சமூகக் கூடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. இரண்டு பீர் டின்களைப் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவுதான். டிஜிட்டல் வகை, அறுபது டாலர். பதினோரு வருடமாக வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்கு அதைத் தட்டிவிடுவோம். அக்கார்டியன் இசை கிளம்பும். முப்பது கிழவர் கிழவிகள் போல்கா ஆடுவோம். என் பெயர் எர்வின் லூடெக். கூடத்தின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதும் கடமை எனக்கு உண்டு.

ஜனவரி கடைசியில் ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. "இடது ஸ்பீக்கரில் கரகரப்பு. ஒயர் தளர்ந்திருக்கும். யாராவது முறுக்கி விடவும். மார்லீன் பிரிபில்." மார்லீன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எதையும் வளர்த்திப் பேச மாட்டாள். வியாழக்கிழமைகளில் அவள் ஆடுவது என்னோடுதான். பிப்ரவரி முடிந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறாள். மிச்சம் இருந்தவை நான்கு வியாழக்கிழமைகள். அந்த நான்கையும் அவளோடு ஆடித் தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்தக் குளிர்காலத்தில் எனக்கிருந்த ஒரே ஆசை. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சீட்டு நிர்வாகக் குழுவின் மேலான பரிசீலனைக்கு வைக்கப்பட்டது. முந்தைய மாதம் கூடத்துக்குப் புதுக்கூரை போடும் தீர்மானத்தை நான்கே நிமிடத்தில் நிறைவேற்றிய குழு அது. கூரையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. காது என்றால் ஆளுக்கு இரண்டு இருக்கிறதே! ஆகவே விவாதம் மூன்று மணி நேரம் ஓடியது.

தலைவர் கார்டன் லைட்னர், பால் கறக்கும் இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர், தொண்டையைச் செருமினார்.

"இது ஒயர் பிரச்சனையா, இல்ல ஆம்ப்ளிஃபயரே காலாவதி ஆயிடுச்சா? ஒயர்னு நாமளே முடிவு பண்ணிட்டா, அவசரப்பட்ட மாதிரி ஆகாதா?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் டுவைன் சோப்சாக். இவர் எங்கள் ஒலி நிபுணர். வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார். அதில் நாற்காலி ஒன்றுதான். இரண்டாவது நாற்காலி போட்டால் ஒலி கெட்டுவிடுமாம். அவர் மனைவி சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்கிறார். "இந்த டப்பாவுல ஆழமே இல்ல கார்டன். வாசிக்கிறவன் நம்ம முன்னாடி நிக்கிற மாதிரியே இல்ல."

"நின்னா இடிச்சுக்குவோம் டுவைன், ஆடற இடம் அது" என்றாள் மார்லீன். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. அதில் பத்து விநாடியைத்தான் அவள் இதற்குச் செலவழித்தாள். பிறகு, குழு கேட்டுப் பார்ப்பதற்காக ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்த மேடைக்கு நேராகப் போனாள். கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ஒரு திருகைத் திருகினாள். கரகரப்பு நின்றது.

தலைவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எர்வின், புகார் இப்ப என்ன நிலைமையில இருக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"தீந்து போச்சுங்க."

"குழுவோட பரிசீலனையில இருக்கற புகாரைத் தனி ஆள் ஒருத்தர் எப்படித் தீர்க்க முடியும்?"

அனுமதியற்ற பழுதுபார்ப்பை ரத்து செய்து புகாரை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவருவது என்று தீர்மானம் நிறைவேறியது. எவ்வளவு தளர்த்துவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்ததால் மார்லீனையே கேட்டோம். "கால் சுத்து" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கால் சுற்று தளர்த்தினோம். கரகரப்பு திரும்பிய பிறகுதான் தலைவர் காபியில் வாய் வைத்தார்.

அடுத்து டுவைன் தன் திட்டத்தை வைத்தார். அதே கம்பெனியின் புது மாடல் எண்பத்தொன்பது டாலர். அதே டப்பாதான். முன்னால் நீல விளக்கு ஒன்று கூடுதல். வாங்கிப் பரிசோதிக்கலாம். ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயரும் நூற்று அறுபது மணி நேரம் ஓடிப் பதப்பட்ட பிறகுதான் அதன் உண்மைக் குரல் வெளியே வருமாம். ஆகவே புதியது, பழையது இரண்டையும் ஓடவிட வேண்டுமாம்.

"சரி, புதுசு ஓடட்டும். பழசு எதுக்கு ஓடணும்?" என்றாள் மார்லீன்.

"பழசு பதினோரு வருஷமா போல்காவைத் தவிர வேற எதையும் கேட்டதில்ல. அதுக்கு அதுவே பழகிடுச்சு. அந்தப் பழக்கத்தை எடுத்தாத்தான் போட்டி நியாயமா இருக்கும். ரெண்டுக்கும் வெறும் இரைச்சலைத்தான் ஓட விடணும்."

காப்பீட்டு விதிப்படி, கருவி ஓடும்போது குழு உறுப்பினர் ஒருவர் கூடத்துக்குள் இருந்தாக வேண்டும். கூடம் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஆக இருபது வேலை நாட்கள். தரை அதிர்ந்தால் பதம் கெட்டுவிடும் என்பதால் அதுவரை கூடத்துக்குள் யாரும் ஆடக் கூடாது.

"வியாழக்கிழமை?" என்று கேட்டாள் மார்லீன்.

"வியாழக்கிழமையும் வேலை நாள்தானே" என்றார் தலைவர், மிகுந்த பரிவோடு.

வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் கை தூக்கினால் என் கையும் கூடவே எழும். இருபது வருடப் பழக்கம். மார்லீன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இறக்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எண்ணி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.

நான்கு வாரம் கூடத்துக்குள் இரண்டு டப்பாக்களும் எண்ணெயில் பொரியும் மீன் மாதிரி இரைந்துகொண்டிருந்தன. காவல் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. தீர்ப்புச் சொல்லப்போகிறவனின் காது முன்கூட்டியே கெட்டுவிடக் கூடாது என்று டுவைன் எனக்குப் பஞ்சு கொடுத்திருந்தார். காதை அடைத்துக்கொண்டு, கேட்கக் கூடாத இரைச்சல் ஒழுங்காகக் கேட்கிறதா என்று மணிக்கொருமுறை பதிவேட்டில் எழுதினேன்.

ஆட்டக்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். மார்லீன் தன் வேனின் கதவுகளைத் திறந்துவைத்து ரேடியோவைப் போட்டுவிடுவாள். தடித்த கோட்டும் பனிக்காலணியுமாகக் கிழடுகள் அந்தக் குளிரில் குதித்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான்காவது வியாழக்கிழமை மார்லீன் உள்ளே வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எர்வின், வெளிய வா. கடைசிப் பாட்டு."

"இன்னும் ஒம்போது மணி நேரம் பாக்கி இருக்கு மார்லீன். நான் வெளிய வந்தா நூத்து அம்பத்தோரு மணி நேரமும் செல்லாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"நாளைக்குக் காலைல நான் கிளம்பறேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"காதுல பஞ்சு வேற வச்சிருக்க. நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டா இந்தப் பதிலைச் சொல்ற? போடா மடையா!"

அவள் பனி அள்ளும் வண்டிக்காரனோடு ஆடினாள். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது, காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பதிவேட்டில் "இடையூறு ஏதுமில்லை" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை பரிசோதனை. குழுவினர் ஐந்து பேர் காலியான கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தோம். முதலில் புதியது, பிறகு பழையது. பழையது பாடத் தொடங்கியதும் டுவைனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதே டப்பாவா? நம்பவே முடியல! நாலு வாரம் யாரும் ஆடாததால இதுக்கு உயிர் வந்துடுச்சு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அருமையாகத்தான் இருந்தது. காலடிச் சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை, யாரும் மூச்சு வாங்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆம்ப்ளிஃபயரை மாற்றத் தேவையில்லை. மீண்டு வந்த ஒலித்தரத்தைப் பேணும் பொருட்டு, கூடத்தில் இனி நடனம் கிடையாது. "வழிமொழிவது யார்?" என்றார் தலைவர். மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மினிட்ஸ் குறிப்பேட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் நன்றாக இராதே என்று நானே வழிமொழிந்தேன்.

இத்தனைக்கும் வழிவகுத்த சீட்டுக்காக மார்லீனுக்கு நன்றிக் கடிதம் அனுப்பும்படி குழு பணித்தது. அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. அடுத்த கூட்டத்தில் அதை எழுந்து நின்று வாசித்தேன்.

"இங்கேயும் வியாழக்கிழமை ஆட்டம் உண்டு. மேசைமேல் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு ஆடுகிறோம். பாதிப் பேருக்குக் காது கேட்காது, தரை அதிர்வதை வைத்தே காலை எடுத்து வைக்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் துணை அமையவில்லை. ஒரு டிக்கெட்டைப் போட்டு வந்து சேர், எர்வின்."

டுவைன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரேடியோ என்ன மாடலாம்?"

நால்வரும் என்னையே பார்த்தார்கள்.

"எழுதல" என்றேன். "கார்டு வந்த அன்னைக்கே பதில் போட்டுக் கேட்டிருக்கேன்."