இருமலுக்கு ஒரு வம்சாவளி

மனிதனுக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்று உலகத்து மருத்துவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, சிவகாசி பக்கத்து நாரணாபுரத்தில் உள்ள எங்கள் பட்டாசு கம்பெனி அதை ஒரே ஒரு கமிட்டிக் கூட்டத்தில், அதுவும் டீயும் வடையும் வந்து சேர்வதற்குள், கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கமிட்டிக்குச் செயலாளர் அடியேன் தனுஷ்கோடி. டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனை 'வம்சாவளி அலுவலர்' என்று உயர்த்தி, மேஜைமேல் பெயர்ப்பலகையும் வைத்துக் கொடுத்த கம்பெனியை நான் புகழாமல் வேறு யார் புகழ்வது?

கண்டுபிடிப்பின் பெருமை சின்ன முதலாளி தருண்குமாரைச் சேரும். சென்னையில் மூன்று நாள் 'நலவாழ்வு'ப் பயிற்சிக்குப் போனார். அங்கே அவருடைய எச்சிலை ஒரு குழாயில் பிடித்து ஆராய்ந்து, அவர் தலை வழுக்கையானது தாய்வழித் தாத்தாவால்தான் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னார்.

"எல்லாமே ரத்தத்துல வர்றதுதாம்ப்பா. முடி கொட்டுறது, மூச்சு வாங்குறது, காது மந்தமாவுறது, அம்புட்டும்."

முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி மகனுடைய மண்டையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையைப் பார்த்தார்.

"ஏலே, அப்ப நம்ம மேல தப்பு ஒண்ணும் இல்லையாலே?" என்றார். அந்த நொடியிலிருந்து விஞ்ஞானம் எங்கள் கம்பெனியில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கத் தொடங்கியது.

உடனே படிவம் தயார். சிவகாசியில் அச்சடிக்க என்ன பஞ்சம்? நாலு கலரில், மேலே லட்சுமி படம், கீழே மத்தாப்பு கொளுத்தும் குழந்தை, நடுவில் இரண்டு கட்டம்: 'பிறப்பால் வந்த நோய்', 'பிழைப்பால் வந்த நோய்'. தொழிலாளர்களுக்கு டிக் அடிக்கும் சிரமம் கூடாது என்ற கருணையினால், முதல் கட்டத்தில் டிக்கைச் சேர்த்தே அச்சடித்துவிட்டோம்.

விதியும் எளிமையானது. பிழைப்பால் நோய் வந்தவரை மருந்து அறையிலிருந்து லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்ற வேண்டும். பிறப்பால் வந்தவரை மாற்றத் தேவையில்லை. ரத்தத்தில் இருப்பது எங்கே போனாலும் கூடவே வரத்தானே போகிறது? அந்த மனிதரை வீணாக நடக்க வைப்பானேன்?

முதலில் மனு கொடுத்தவள் இசைவாணி. மருந்து அறையில் பதினொரு வருடமாகப் புஸ்வாணத்துக்கு அலுமினியப் பொடி அடைப்பவள். அவள் மூன்றாம் அறையில் இருமினால் முதல் அறையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிவிடுவார்கள்.

"ஐயா, இன்னும் ஒரு சீசன் அந்தப் பொடிக்குள்ள இருந்தா மூச்சே நின்னுரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். லேபிளுக்கு மாத்தி விட்ருங்க."

"மாத்துறதுக்கு ரூல் இருக்கும்மா. ஒங்க வீட்டுல மொதமொதல்ல இருமுனது யாரு?"

"நாந்தான்."

"ஒனக்கு முன்னால?"

"எனக்கு முன்னால எல்லாரும் நல்லாத்தான் இருந்தாக."

'மனுதாரர் முன்னோர்களை மறைக்கிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

கமிட்டி கூடியது. நடுவில் முதலாளி, வலப்பக்கம் லேப்டாப்புடன் தருண்குமார், இடப்பக்கம் போர்மேன் பெத்தணன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, போர்மேனுக்குரிய கண்ணியத்துடன் இருமுவார். இசைவாணி சாட்சிக்குத் தன் தாயைக் காரியாபட்டியிலிருந்து அழைத்து வந்திருந்தாள். எழுபது வயது. பஸ் ஸ்டாப்பிலிருந்து அரை மைல் வெயிலில் நடந்து வந்தும் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கவில்லை. கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை.

"ஆத்தா, ஒரு தடவ இருமுங்க பாப்போம்" என்றார் முதலாளி.

"எதுக்குய்யா?"

"சும்மாதான்."

அந்த அம்மாள் முயன்று பார்த்தாள். வரவில்லை. தருண்குமார் ஊக்கப்படுத்தினார். மூன்றாம் முறை ஏப்பம்தான் வந்தது. 'தாய்வழி: ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

"சரி, அப்பா?"

"கெணறு வெட்டயில மண்ணு சரிஞ்சு போயிட்டாக. அப்ப அவுகளுக்கு இருவத்தெட்டு வயசு" என்றாள் இசைவாணி.

"இருமல் இருந்துச்சா?"

"அதுக்குள்ளதான் போய்ச் சேந்துட்டாகளே!"

தருண்குமாரின் முகம் மலர்ந்தது. கடகடவென்று தட்டினார்: 'தந்தைவழி: இருமல் உண்டு. வெளிப்படுவதற்குப் போதிய கால அவகாசம் கிடைக்கவில்லை.' மனு தள்ளுபடி.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப எங்க ரூம்ல சம்சாத்துக்கு இதே இருமல் இருக்கே? லோடு வேன் ஓட்டுற நவ்ஷாத்துக்கு இருக்கே? பெத்தணன் அண்ணனுக்கு இருக்கே?"

"எனக்கு இருமல் எல்லாம் இல்ல. லேசாத் தொண்டை கரகரப்பு" என்று சொன்ன பெத்தணன், அதன்பிறகு அரை நிமிடம் பேச முடியாமல் துண்டுக்குள் கிடந்தார்.

தருண்குமார் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரே நோய் என்றால் ஒரே ரத்தம்! ஒரே ரத்தம் என்றால் ஒரே வம்சம்! கம்பெனி முழுக்கக் கணக்கெடுத்தோம். எந்த ஊர், எந்த சாதி, எந்த வேதம் என்று பார்க்காமல் நாற்பத்திரண்டு பேர் ஒரே மாதிரி இருமினார்கள். நாட்டில் யாராலும் கொண்டுவர முடியாத ஒற்றுமையை எங்கள் அலுமினியப் பொடி கொண்டுவந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரையும் கிளைகளாகப் போட்டு ஒரு மரம் வரைந்தோம். வேரில் யாரைப் போடுவது? இந்தக் கம்பெனியில் முதன்முதலில் இருமியது யார்?

சந்தேகமே இல்லை. முதலாளியின் தகப்பனார், காலஞ்சென்ற பெரிய முதலாளிதான். தகரக் கொட்டகையில் தன் கையாலேயே மருந்து கலந்து கம்பெனியைத் தொடங்கியவர். அவர் இருமலுக்கு மூன்று தெரு விழித்துக்கொள்ளுமாம். அவர் போட்டோவையே வேரில் வைத்தோம். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். நாங்கள் அன்று வம்சாவளி மரத்துக்குப் பூஜை போட்டோம். பத்தடி உயரம், பளபளப்புத் தாள், ஓரமெல்லாம் தங்கக் கலர். எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். இசைவாணி கேசரியை வாங்காமல் மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"மொதலாளி, வேர்ல இருக்கிறது பெரிய மொதலாளியா?"

"ஆமாம்மா."

"மேல இருக்கிறது நாங்க நாப்பத்திரெண்டு பேரா?"

"ஆமா. எல்லாரும் ஒரே குடும்பம்."

"ரத்தத்துல வந்ததுன்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு?"

"சீல் வச்சே குடுத்திருக்கோம்."

"அப்ப நாங்க எல்லாரும் பெரிய மொதலாளிக்கு வாரிசு. அவுக இருமலைப் பங்கு வச்சுக் குடுத்துட்டீக. கம்பெனியை எப்பப் பங்கு வைக்கப் போறீக?"

அண்ணாச்சி வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே வைத்தார்.

"எனக்கு ரோட்டோரத்துக் குடோன் போதும்" என்றாள் சம்சாத்.

"வேனை என் பேருக்கு மாத்திருங்க. பழகிப்போச்சு" என்றான் நவ்ஷாத்.

பெத்தணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படியே பிரிக்க முடியாது. மூத்த வாரிசு யாருன்னு பாக்கணும். சர்வீஸ்ல நாந்தான் மூப்பு" என்றார். தொண்டைக் கரகரப்பு என்று தான் சொன்னதை மறந்தேபோனார்.

முதலாளி வக்கீலுக்கு போன் போட்டார். நாலே நிமிடத்தில் மரம் சுவரிலிருந்து இறங்கியது. அவசரக் கமிட்டி நின்றபடியே கூடியது. பிறப்பால் நோய் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நாற்பத்திரண்டு இருமலும் பிழைப்பால் வந்தவையே. பாதுகாப்புக்காகச் சின்ன முதலாளியின் வழுக்கையையும் அதிலேயே சேர்த்துக்கொண்டோம். அச்சடித்த டிக்கின்மேல் ஒட்டுவதற்கு மாலைக்குள் ஸ்டிக்கர் வந்துவிட்டது.

முதல் சான்றிதழை இசைவாணிக்கு நானே கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நாளைக்கே லேபிளுக்குப் போயிரலாமா ஐயா?"

"போயிரலாம். புது ரூல் ஒண்ணு மட்டும் இருக்கு. தீபாவளி ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, ரூம் காலியா இருக்கக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. மாறிப் போறவுக, ஒடம்புக்கு ஒண்ணுமில்லாத ஆளா அவுக வீட்டுல இருந்தே ஒருத்தரை அனுப்பணும். வீட்டுல யாரு இருக்கா?"

"மக மட்டுந்தான். கீர்த்திகா. போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சுச்சு. நர்சிங்ல சேக்கணும்னு..."

சான்றிதழை மடித்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்கய்யா. நானே அங்கன இருந்துக்கிடுதேன்."

அவள் இருமிக்கொண்டே போனது கேட் வரைக்கும் கேட்டது.

மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. காலை வேனில் கீர்த்திகா வந்து இறங்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியாது சார். அவுக வந்ததும் லேபிளுக்கு மாத்திருங்க. ரூமுக்கு நான் போறேன்."

புதிதாகச் சேர்பவரைப் பரிசோதிப்பது வம்சாவளி அலுவலரின் கடமை. மூச்சை இழுத்து விடச் சொன்னேன். கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. இருமச் சொன்னேன். அவளுக்கும் வரவில்லை. சிரித்துவிட்டாள். 'நோய்: ஏதுமில்லை. மூச்சு: சுத்தம். இருமல்: அறவே இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஸ்டிக்கர் ஒட்டாமல் நான் எழுதிய ஒரே உண்மைச் சான்றிதழ் அது.

எங்கள் கம்பெனிக்குள் காலெடுத்து வைத்த அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு இனி சாட்சி தேடி யாரும் அலைய வேண்டாம். நான்தான் அவளை உள்ளே அனுப்பினேன். என் கையெழுத்தே இருக்கிறது.