மாப்பிள்ளை கேட்ட இன்டர்நெட்

தேவனூர் நாடு,
கொல்லிமலை.
14.10.2008

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை சசிதரன் அவர்களுக்கு, மாமன் செல்லமுத்து ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை கண்ணாயி, மாடு கன்று, மிளகுக்கொடி எல்லோரும் சுகம். டெலிபோன் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே தாங்களும், ஏழு மாதத்தை எட்டிவிட்ட என் மகள் சுமித்ராவும், துணைக்குப் பேளுக்குறிச்சியிலிருந்து வந்து தங்கியிருக்கும் தங்கள் தாயாரும் சுகமாக இருக்க எங்கள் ஊர்ச்சாமியை வேண்டிக்கொள்கிறேன். நிற்க.

ஒரு வாரமாக ஏன் போன் அடித்தால் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செம்மேட்டுக்குப் போய் பூத்தில் பேசியிருக்கலாம். ஆனால் அந்தப் பூத்துக்குக் கதவு கிடையாது. பேசுவதெல்லாம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். நம் குடும்ப விஷயம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு ஊரில் உலாவிக்கொண்டிருக்கிறது.

ஆடி மாதம் தாங்கள் போனில் சொன்னது நினைவிருக்கும். “பிரசவத்துக்கு அனுப்பறனுங்க மாமா. ஆனா அங்க இன்டர்நெட் மட்டும் இருக்கோணுமுங்க. அது இல்லாம எப்படீங்க?” என்றீர்கள். நானும், “அதுக்கென்னங்க மாப்பிள்ளை, பண்ணிப்புடலாம்” என்று சொல்லிப் போனை வைத்தேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதற்குக் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், சீர் வைக்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். இன்டர்நெட் வைக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். மகள் வேலை பார்க்கிறவள். பிரசவம் ஆகும்வரை ஆபீஸ் வேலையை இங்கிருந்தே பார்க்க வேண்டியிருக்கும். சம்பாதிக்கிற பெண்ணைப் பெற்றவன் இதற்கெல்லாம் கோபப்படக் கூடாது. ஆகவே நான் கோபப்படவில்லை. கொஞ்சம்தான் பட்டேன்.

மறுநாளே லைன்மேன் அருணாசலத்தைப் பிடித்தேன். அவர் நம் வீட்டுப் போனையும் வெளியே போகும் கம்பியையும் பார்த்துவிட்டு, இந்தச் செம்புக் கம்பியில் பேச்சு வரும், இன்டர்நெட் வராது, எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க ஊட்டுக்கும் தூரம் அதிகம் என்றார். செம்மேட்டிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று மண்ணுக்கடியில் நம் ஊர்வரைக்கும் வரப்போகிறதாம். ஊருக்குள் ஒரு பெட்டி வைப்பார்களாம். பெட்டி பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து வீட்டுக்குப் புதுக் கம்பி இழுத்துவிடலாமாம். “அப்புறம் பெங்களூரும் நம்மூரும் ஒண்ணுதானுங்க” என்றார். ஒண்ணாகவெல்லாம் வேண்டாம், என் மகள் வந்தால் போதும் என்றேன்.

அங்கேதான் மாப்பிள்ளை, வினை ஆரம்பித்தது. கேபிளுக்கு வெட்டுகிற பள்ளம் கோயில் திடல் வழியாகப் போயாக வேண்டும். வேறு பக்கமெல்லாம் பாறை. கோயில் மண்ணில் மண்வெட்டி படவேண்டுமானால் சாமியிடம் பூக் கேட்கிறது எங்கள் வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி காலடியில் போட்டு, கேள்வியைச் சொல்லி, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊரே கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் அண்ணாமலை கேள்வியைச் சொன்னார், பூசாரி எடுத்தார், பிரித்தால் சிவப்பு. ஏஞ்சாமி, என் புள்ளை வாரது உனக்குப் புடிக்கலையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கண்ணாயிதான் கெட்டிக்காரி. கூட்டம் கலைகிற நேரம் அண்ணாமலையை மறித்து, “ஏனுங்க, நீங்க சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?” என்றாள். அவர், “மண்ணை வெட்டறதுக்குக் கீழ இருந்து ஆளுக வந்திருக்கறாங்க, உடலாமான்னு கேட்டேன்” என்றார். அப்படிக் கேட்டால் எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும்? முன்னே ஒருதரம் மலையை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்த ஊர் இது. கேபிள் என்றால் என்னவென்று அண்ணாமலைக்கே தெரியவில்லை, சாமிக்கு அவர் எப்படி விளக்குவார்? கேட்ட கேள்விக்குச் சாமி சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் கேட்டது கேட்டதுதான், மறுபடி கேட்க அமாவாசை வரவேண்டும் என்றுவிட்டார்கள். கேபிள் ஆட்கள் பள்ளத்தைத் திடல் ஓரத்தில் பாதியில் விட்டு மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள். அதில் எங்க மாட்டுக் கன்று விழுந்து எழுந்தது தனிக் கதை, அது கெடக்குதுங்க.

அமாவாசையன்று நான் உஷாராகி, கேள்வியை நானே சொல்லிக்கொடுத்தேன். அங்கேதான் தப்பு. அண்ணாமலைக்குக் குரல் கொஞ்சம் கனமுங்க. “சாமி! செல்லமுத்து மகளைப் பிரசவத்துக்கு அனுப்போணுமுன்னா ஊட்டுல இன்டர்நெட் வெக்கோணுமுன்னு மாப்பிள்ளை கண்டிசன் போட்டிருக்கறாரு! அதுக்குக் கம்பி பதிக்க உத்தரவு குடு!” என்று திடல் அதிரக் கேட்டார். வெள்ளைப்பூ வந்தது. கூடவே ஊரில் இருக்கிற ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் நம்ம விஷயம் தெரிஞ்சு போச்சு. பஸ்ஸில் ஏறினால், “ஏனுங்க, இன்டர்நெட் இருந்தாத்தான் புள்ளைய உடுவாராமா?” பால் சொசைட்டிக்கு ஊத்தப் போனா அங்க அளக்கற மாதம்மாள் கேக்குது, “கம்பியோட நிக்குமா, இல்ல தொட்டிலுக்கும் எதாச்சும் கண்டிசன் இருக்குதுங்களா?” என்று. உங்களை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு, “அவருக்குப் புள்ளை மேல அம்புட்டு அக்கறை” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சுங்க. ஆனா ஒண்ணு சொல்லோணும். மறுநாள் காலைல ஊட்டுக்கு ஒரு ஆளா மண்வெட்டி எடுத்துட்டு வந்து, கான்ட்ராக்ட் ஆளுக திகைச்சு நிக்க, மத்தியானத்துக்குள்ள அந்தப் பள்ளத்தை வெட்டி முடிச்சுட்டாங்க. யாரும் எங்கிட்ட ஒரு வாய் டீகூட வாங்கிக் குடிக்கலை. சுமித்ரா வரோணும், அவ்வளவுதான் அவங்களுக்கு.

கேபிள் வந்துடுச்சு, பெட்டி வந்துடுச்சு, ஊட்டுக்குப் புதுக் கம்பியும் வந்துடுச்சு, போனையும் அதுலயே மாட்டிட்டாங்க. நான் சந்தோசத்துல, இனி இந்தப் பழைய கம்பி எதுக்கு, காப்பிச்செடி மேல தொங்கிட்டுன்னு அருணாசலத்தைக் கழட்டச் சொல்லிட்டேன். அவர், “நாலு நாள் போகட்டுமுங்க” என்றார். நான்தான் கேக்கலை. அன்னைக்கே இடி இடிச்சு கரண்டு போச்சு. பழைய போனுக்குக் கரண்டே வேண்டாமுங்க, ஊரே இருட்டுல கெடந்தாலும் அது பாட்டுக்கு அடிக்கும். இப்ப ஊர்ப் பெட்டிக்கும் கரண்டு வேணும், ஊட்டுக்குள்ள சிவப்பு லைட்டு எரியற இன்டர்நெட் டப்பாவுக்கும் கரண்டு வேணும். கரண்டு திரும்பி வந்துச்சு, பெட்டிக்கு உசுரு வரலை. பெட்டிக்குள்ள ஒரு சாமான் எரிஞ்சு போச்சாமா, சேலத்திலிருந்து வரோணுமாமா. ஆக இப்ப எனக்கு இன்டர்நெட்டும் இல்லை, போனும் இல்லை.

மாப்பிள்ளை, மனசுல இருக்கறதைச் சொல்லிப்புடறேன், தப்பா எடுத்துக்க வேண்டாம். உங்க அத்தை ஆடியிலிருந்து அந்த உள்ரூமைத் தினமும் கூட்டுது. யாரும் படுக்காத ரூமை எதுக்குக் கூட்டறேன்னு கேட்டா, மறுபடியும் ஒருக்கா கூட்டுது. நேத்து பஸ் சத்தம் கேட்டு வெளிய ஓடிப் பாத்துட்டு, மிளகு காயுதான்னு பாக்க வந்தேன்னு எங்கிட்டயே பொய் சொல்லுது. அந்தச் சாமான் என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் கரண்டு என்னைக்கு இருக்கும், என்னைக்கு இருக்காதுன்னு சாமிகிட்டக்கூடப் பூக் கேக்க முடியாது. அதனால தாங்கள் பெரிய மனசு பண்ணி, இன்டர்நெட் இல்லாமலே எம்பொண்ணை அனுப்பி வெக்கோணும். அவளுக்கு இந்த வேலை போனா வேற வேலை. இதுக்கு மேல ஒரு மாமனாருக்குக் கேக்கத் தெரியாதுங்க.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தைச் சொல்லவும். சுமித்ராவை மாடிப்படி பார்த்து இறங்கச் சொல்லவும். தாங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசுடன் இருக்க ஆசீர்வதிக்கும்,

மாமன்,
செல்லமுத்து

பி.கு.: இதை ஒட்டிப் பையில் வைத்துச் செம்மேட்டுக்குக் கிளம்புகிற நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சுமித்ராவும் உங்கள் அம்மாவும் இறங்குகிறார்கள். கண்ணாயி போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். ஒரு வாரமாக எங்கள் போனை யாரும் எடுக்காததில், என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று நீங்கள்தான் பயந்துபோய், “நெட்டாவது ஒண்ணாவது, முதல்ல போயிப் பாரு” என்று கார் பிடித்து அனுப்பினீர்களாமே.

நான் அவளிடம், உன் வேலைக்கு என்ன கண்ணு பண்றது, இன்டர்நெட் இன்னும் வரலையே என்றேன். அவள் சிரிக்கிறாள். “எனக்கு எதுக்குப்பா நெட்டு? நான் லீவு எழுதிக் குடுத்தாச்சு. அவருக்குத்தான். நெட்டு இருந்தா அவரும் இங்கயே வந்து எங்கூட இருந்துட்டு வேலை பாக்கலாமுன்னு. மாமனார் ஊட்டுல மாசக்கணக்குல உக்காந்திருந்தா நாலு பேரு சிரிப்பாங்கன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு இருந்தாரு” என்றாள். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றால், உங்கள் அத்தை, “அனுப்புங்க, மாமன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்” என்று கிழிக்க விடாமல், திரும்பவும் ஒட்டப் பசையோடு பக்கத்தில் நிற்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, லீவோ வேலையோ, அது உங்கள் பாடு. நீங்கள் கிளம்பி வாருங்கள். எத்தனை மாசமானாலும் இருங்கள். ஊரில் யாராவது சிரித்தால், கம்பி பார்க்க வந்த ஆள், பெட்டி சரியாகிற வரைக்கும் போகமாட்டார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெட்டி இப்போதைக்குச் சரியாகாதுங்க.