அந்திநேரத்து ஆர்வம்

கெய்ரோ,
நோன்பு ஐந்தாம் நாள்.

மதிப்புக்குரிய மைத்துனர் மஹ்ரூஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை நக்வாவின் கணவன் வக்தி ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லாரும் நலம், என் வேலையைத் தவிர. மன்சூராவில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் புகார் போன் எடுப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இனி வேலையில் ஆர்வத்தை அளந்துதான் பதவி என்று சொல்லி, முதலாளி போன மாதம் ஹாஸிம் என்ற இளம் இன்ஜினியரைப் பிடித்து வந்து, எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். நெஞ்சு வேகமாக அடித்தால் ஆர்வமாம், பட்டை சிவப்பாக எரியுமாம். எங்கள் மெக்கானிக் பயூமி அண்ணன் லிஃப்டைக் கண்டால் சோறு தண்ணி மறக்கிற மனுஷன். மோட்டாரைத் திறந்தாலே அவர் நெஞ்சு தூங்குகிற குழந்தை மாதிரி அமைதியாகிவிடும். ஆர்வம் பூஜ்யம் என்று அவரைக் கிடங்கில் தள்ளிவிட்டார்கள். நான் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துச் சிரித்தேன். அப்புறம் நோன்பு வந்தது. பிற்பகல் அஸர் தொழுததும் எல்லாரும் வீட்டுக்கு நழுவ, போன் என் தலையில். நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கி வெடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நக்வா வைக்கும் முயல்கறி மொலோகியாக் கீரைக் குழம்பு கண்முன் வந்து நின்றது. பட்டை தகதகவென்று எரிந்தது.

ஹாஸிம் ஓடி வந்தான். "வக்தி சார், ஊரே வீட்டுக்கு ஓடுற நேரத்துல உங்களுக்கு மட்டும் வேலை மேல இப்படி வெறியா!"

"வெறி இல்லப்பா, பசி."

"என்னா தன்னடக்கம் சார் உங்களுக்கு!"

மறுநாளே பதவி உயர்வு. நோன்பு முடியும்வரை நான் அந்திநேர அவசரப் பிரிவின் தலைவர். ஊர் மொத்தமும் வீட்டுக்குப் பறக்கிற அந்த நேரத்தில்தானே லிஃப்டும் நடுவில் மாட்டிக்கொள்ளும்! நேற்று அப்படி மாட்டிய ஒரு அம்மா போனில், "நீ நல்லா இருப்பியா? அடுப்புல என் சோறு தீயுது!" என்று திட்டத் திட்ட, நான் ஒற்றைப் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தேன். அழுகையே வந்துவிட்டது மச்சான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வருஷம் வரைக்கும் நக்வா இல்லாமல் நான் நோன்பு திறந்ததே இல்லை.

முதலாளி ராணுவத்தில் உங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். ஒரு வார்த்தை சொல்லி, என்னைப் பழைய நாற்காலிக்கே இறக்கிவிடுங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் நிறைந்த தட்டும் தரட்டும்.

அன்புடன்,
வக்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நக்வா சொன்னாள்: "அண்ணன் வெள்ளிக்கிழமை வர்றாராம், அண்ணி, ஏழு பிள்ளைங்க, சித்தி எல்லாரையும் கூட்டிக்கிட்டு. பெருநாள் வரைக்கும் நம்ம வீட்டுலதான் நோன்பு திறப்பாங்க." மிகுந்த சந்தோஷம். முதலாளியிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். பெருநாளன்றும் அந்தி வேலைக்கு நான் தயார் என்று மட்டும் சொல்லுங்கள். பட்டை இப்போதே சிவப்பாக எரிகிறது. வேலை மேல் உள்ள ஆர்வம்தான், சத்தியமாக.